ஒளிரும் உலோக நானோகொத்துகள்

ஒளிரும் உலோக நானோகொத்துகள் என்பவை தங்கம், வெள்ளி முதலிய உலோகங்களின் சில அணுக்களோ சில பத்து அணுக்களோ சேர்ந்த, ஏறத்தாழ 2 நானோமீட்டரினும் சிறிய திரள்கள் ஆகும். இவை புறஊதா அல்லது நீல ஒளியை உட்கவர்ந்து, அதனினும் நீண்ட அலைநீளமுடைய ஒளியை உமிழ்கின்றன. காஞ்சிபுரம் பட்டின் சரிகையில் உள்ள தங்கம் தன்மீது விழும் ஒளியை எதிரொளித்து மின்னுகிறதே அன்றி, இவ்வாறு ஒளிர்வதில்லை. அதே தங்கம் 25 அணுக்களாகச் சுருங்கும்போது எதிர்மின்னிகளின் ஆற்றல் மட்டங்கள் தொடர்ச்சியை இழந்து தனித்தனிப் படிகளாகின்றன. அப்படிகளுக்கு இடையிலான தாவலே ஒளிர்வாக வெளிப்படுகிறது.

பிரித்தெடுத்தல்

தங்க உப்பைக் குளூட்டாதயோன் என்னும் சிறு பெப்டைடுடன் சேர்த்து ஒடுக்கினால் பல அளவுக் கொத்துகளின் கலவையே கிடைக்கும். அதனைக் கூழ்மப் பலகையில் இட்டு மின்புலம் செலுத்தினால், சிறியவை விரைவாகவும் பெரியவை மெதுவாகவும் நகர்ந்து பட்டைகளாகப் பிரியும். பட்டைகளை வெட்டியெடுத்து நீரில் கரைத்து, ஒவ்வொன்றின் மூலக்கூற்று நிறையை அளப்பர்.

இந்த அளவீட்டில் சிறு பிழையும் வாய்பாட்டையே மாற்றிவிடும். 1998-இல் அமெரிக்காவில் வெட்டன் குழுவினர் பிரித்தெடுத்த கொத்து 28 தங்க அணுக்களும் 16 குளூட்டாதயோன்களும் கொண்டதாகக் கருதப்பட்டது. 2005-இல் சப்பானின் நெகிசி, சுகுடா குழுவினர் 10 முதல் 39 வரை தங்க அணுக்கள் கொண்ட பல கொத்துகளைத் தனிப்படுத்தினர். முற்கூறிய கொத்தில் உண்மையில் இருப்பவை 25 தங்க அணுக்களும் 18 குளூட்டாதயோன்களும் என நிறுவினர். இவ்விரு வாய்பாடுகளின் நிறைகள் முறையே ஏறத்தாழ 10,416, 10,438 டால்டன். வேறுபாடு 22 டால்டன் மட்டுமே.

2008-இல், வேறு தயோல்களால் சூழப்பட்ட 25 அணுக் கொத்தின் படிக அமைப்பு வெளியானது. 13 அணுக்கள் கருவாகவும், எஞ்சிய 12 அணுக்கள் அதனைச் சுற்றி ஆறு கவ்விகளாகவும் அமைந்துள்ளன.

தமிழ்நாட்டில் ஆய்வு

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தா. பிரதீப் குழுவினர் இத்துறையில் தொடர்ந்து ஆய்ந்து வருகின்றனர். 25 அணுக் கொத்தின் மேலுறை மூலக்கூறுகளை மாற்றும் முறையை, சுகுடாவுடன் இணைந்து, 2008-இல் வெளியிட்டனர். மறு ஆண்டில் அக்கொத்தை அரித்து, அகச்சிவப்பை அண்டி ஒளிரும் 23 அணுக் கொத்தை உருவாக்கினர்.

புரதவழித் தயாரிப்பு

2009-இல் சிங்கப்பூரில் சீ, செங், யிங் ஆகியோர் எளிய வழியொன்றைக் கண்டனர். மாட்டுக் குருதிப் புரதமான ஆல்புமினைத் தங்க உப்புடன் கலந்து, காரமாக்கி, 37 பாகை செல்சியசில் 12 மணி நேரம் வைத்தால், புறஊதா விளக்கின்கீழ் செந்நிறமாக ஒளிரும் கரைசல் கிடைக்கிறது. உட்கவரும் ஒளித்துகள்களில் ஏறத்தாழ 6 விழுக்காடே செவ்வொளியாக மீள்கிறது. எனினும் இது வெறுங்கண்ணுக்குப் போதுமானது. பாதரச அயனி சேர்ந்தால் ஒளிர்வு மங்குவதால், நீரில் பாதரசத்தைக் கண்டறிய இது பயன்படுகிறது.