பகிர்வு மிதிவண்டி: நிறுத்தும் இடத்தைக் கேட்கும் சட்டம்

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தை விட்டு வெளியே வந்தால், மஞ்சள் கோட்டுக்குள் வரிசையாக நிற்கும் மிதிவண்டிகளைப் பார்க்கலாம். கைப்பேசிச் செயலியால் பூட்டைத் திறந்து ஓட்டிச் செல்லும் பகிர்வு மிதிவண்டிகள் அவை. இந்த வரிசை தானாக வந்துவிடவில்லை.

2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூரின் ஓபைக் முதலில் வந்தது. அதை அடுத்து ஓஃபோ, மோபைக் என்ற சீன நிறுவனங்களும் இறங்கின. எங்கே வேண்டுமானாலும் விட்டுவிட்டுப் போகலாம் என்பதுதான் கவர்ச்சி. தலைவலியும் அதுவே ஆனது. ஓராண்டில் வண்டிகளின் எண்ணிக்கை 100,000ஐத் தாண்டியது. அடுக்குமாடிக் கீழ்த்தளத்திலும் புல்தரையிலும் வடிகாலிலும் வண்டிகள் கிடந்தன. சிராங்கூன் சாலைக் கடைகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதையில் சாதாரண நாளிலேயே ஆள் ஒதுங்க இடமிருக்காது. குறுக்கே ஒரு வண்டி கிடந்தால், சக்கர நாற்காலியில் வருபவர் சாலையில்தான் இறங்க வேண்டும்.

2018 மார்ச்சில் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. அது சாலைப் போக்குவரத்துச் சட்டம் அல்ல, வாகன நிறுத்துமிடச் சட்டத்துக்கான திருத்தம் என்பதைக் கவனிக்க வேண்டும். வண்டி எப்படி ஓடுகிறது என்பதைவிட, ஓடாதபோது எங்கே நிற்கிறது, அதற்கு யார் பொறுப்பு என்பதே அதன் கேள்வி. உரிமம் இல்லாமல் பொது இடத்தில் பகிர்வு வண்டிகளை வைத்துத் தொழில் செய்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உரிமம் பெற்ற நிறுவனம் விதியை மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 100,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைக்கவும் உரிமத்தைப் பறிக்கவும் நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

ஒரு நிறுவனம் எத்தனை வண்டி வைத்திருக்கலாம் என்பதையும் ஆணையமே முடிவுசெய்கிறது. 2018 செப்டம்பரில் மோபைக்கிற்கு 25,000, ஓஃபோவுக்கு 10,000, எஸ்ஜி பைக்கிற்கு 3,000 வண்டிகளுக்கு அனுமதி கிடைத்தது. புதிதாக வருபவர்களுக்குச் சோதனை உரிமம் தனியாக உண்டு. அதிக வண்டி வேண்டுமென்றால், இருப்பதை ஒழுங்காகப் பராமரித்துக் காட்ட வேண்டும்.

2019 ஜனவரியில் கியூஆர் குறியீட்டு முறை வந்தது. நிறுத்துமிடத்தில் ஒட்டியுள்ள குறியீட்டைக் கைப்பேசியில் வருடினால்தான் பயணம் முடிந்ததாகக் கணக்கு. வருடாமல் போனால் கட்டணம் ஏறும். ஓராண்டில் மூன்று முறை கண்ட இடத்தில் விட்டவரை, எல்லா நிறுவனங்களும் தற்காலிகமாகத் தடை செய்யும். ஒன்றில் தடையென்றால் இன்னொன்றுக்கு ஓட முடியாது. இந்த முறையையும் எண்ணிக்கை வரம்பையும் நிறைவேற்றாத ஓஃபோவின் உரிமம் 2019 பிப்ரவரியில் நிறுத்திவைக்கப்பட்டு, ஏப்ரலில் ரத்தானது. மோபைக்கும் அதே ஆண்டில் வெளியேறியது.

பயனாளர்களுக்கு வலித்தது ஓபைக் கதைதான். புதிய விதிகளை நிறைவேற்றுவது கடினம் என்று சொல்லி, 2018 ஜூன் 25ஆம் தேதி அது திடீரெனக் கடையைக் கட்டியது. ஒவ்வொருவரிடமும் 49 வெள்ளி முன்பணம் வாங்கியிருந்தது. மாணவர்களுக்கு மட்டும் 19 வெள்ளி. கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் வெளிநாட்டு ஊழியர் ஒருவருக்கு 49 வெள்ளி என்பது ஒரு நாள் அடிப்படைச் சம்பளத்துக்கும் மேல். திருப்பித் தரவேண்டிய மொத்தத் தொகை 6 மில்லியன் வெள்ளிக்கும் அதிகம். நிறுவனம் கலைப்புக்குப் போனதால், முன்பணம் கட்டியவர்கள் மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

இங்கே பலரும் குழம்பும் ஒரு விஷயம் உண்டு. உரிமத்துக்காக நிறுவனங்கள் ஆணையத்திடம் பிணைத்தொகை கட்டுகின்றன. நிறுவனம் ஓடிப்போனால், கைவிட்ட வண்டிகளை அகற்றுவது போன்ற செலவுகளுக்கு அது. செயலிக்குள் நீங்கள் போட்டுவைத்த பணத்துக்கான காப்பு அல்ல. எனவே சலுகை கிடைக்கிறதே என்று செயலியில் பெருந்தொகையை நிரப்பி வைக்காமல், தேவைக்கேற்பப் போடுவது நல்லது.

வாடகை மின்ஸ்கூட்டருக்கு இந்த இரண்டாவது வாய்ப்பு கிடைக்கவில்லை. உரிமம் கேட்டுப் பல நிறுவனங்கள் விண்ணப்பித்திருந்தன. விபத்துகள் பெருகிய நிலையில் 2019 நவம்பர் 5 முதல் நடைபாதையில் மின்ஸ்கூட்டர் தடை செய்யப்பட்டது. சாலையில் ஓட்டவும் அனுமதி இல்லாததால் சைக்கிள் பாதை மட்டுமே மிஞ்சியது. விண்ணப்பங்கள் அனைத்தையும் ஆணையம் நிராகரித்தது. நடைபாதையில் ஓட்டிப் பிடிபட்டால் 2,000 வெள்ளி வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்பதைச் சொந்த ஸ்கூட்டர் வைத்திருப்போரும் மறந்துவிடக் கூடாது.

2024இல் எஸ்ஜி பைக்கும் விலகியபின் களத்தில் நின்றவை எனிவீல், ஹலோரைட் என்ற இரண்டு நிறுவனங்கள். இவற்றின் வண்டியை எடுப்பவர்கள், புறப்படும் முன்பே இறங்குமிடத்துக்கு அருகில் நிறுத்துமிடம் எங்குள்ளது என்று செயலியின் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். தேக்காவில் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் இறங்கியபின் தேட ஆரம்பித்தால், கட்டணம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.