தேர்வு வந்த திசை: காரைக்கால் ஊரக அரசு உயர்நிலைப் பள்ளிகளின் வரலாறு குறித்து

முன்னுரை

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் கல்வி வரலாறு பெரும்பாலும் புதுச்சேரி நகரத்தை நடுவாகக் கொண்டே பேசப்படுகிறது. அந்நகரத்திலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் தெற்கே, காவிரிக் கழிமுகத்தில், தமிழக மாவட்டங்களால் நிலப்புறம் முழுவதும் சூழப்பட்டுக் கிடக்கும் காரைக்கால் அவ்வரலாற்றில் ஓர் இணைப்புப் பத்தியாகவே இடம்பெறுகிறது. காரைக்கால் நகரை ஒழித்து எஞ்சிய திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகிய ஐந்து கொம்யூன்களின் பள்ளிகளோ அப்பத்தியிலும் இடம்பெறுவதில்லை. இப்பள்ளிகளின் வரலாற்றை ஆட்சி மாறிய ஆண்டுகளைக் கொண்டு பகுப்பதைவிட, அவற்றின் மாணவர் எழுதிய இறுதித் தேர்வு எவ்விடத்திலிருந்து வந்தது என்னும் வினாவைக் கொண்டு பகுப்பதே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

நிரவியில் ஒரு தமிழாசிரியர்

1739இல் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்காலில், கல்வியின் உச்சி புதுச்சேரியிலும் அதற்கப்பால் பாரிசிலும் இருந்தது. பிரெவே தேர்ச்சி பெற்றவருக்கே அரசு அலுவல் எளிதில் வாய்த்தது. சிற்றூர்ப் பள்ளிக்கு இவ்வேணியின் அடிப்படிதான் உரியது. ஆனால் அவ்வடிப்படியில் தமிழ் இருந்தது. 1909இல் புதுவையைச் சேர்ந்த கனக சுப்புரத்தினம் என்னும் பதினெட்டு வயது இளைஞர் நிரவிப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியேற்றார். பின்னாளில் பாரதிதாசன் எனப் பெயர் கொண்ட அவர், 1946 வரை முப்பத்தேழு ஆண்டுகள் பிரெஞ்சிந்தியப் பள்ளிகளில் தமிழ் கற்பித்தார். அவர் வாழ்க்கை வரலாறுகளில் நிரவி ஒரு வரிச் செய்தி. பள்ளி வரலாற்று நோக்கில் அவ்வரியின் பொருள் பெரிது: பிரெஞ்சுப் பேரரசின் ஊதியப் பட்டியலில், நெல்வயல் சூழ்ந்த ஓர் ஊரில், தமிழ் இலக்கணம் முறையாகக் கற்ற ஒருவருக்கு இடம் இருந்தது.

பள்ளி உணவின் வரலாறும் இங்கே வேறு காலவரிசை உடையது. தமிழகத்தார் 1920இன் சென்னை மாநகராட்சித் திட்டத்தையும் காமராசர் காலத்து மதிய உணவையும் தொடக்கமாகக் கொள்வர். பிரெஞ்சுப் பகுதியில் 1930இலேயே பள்ளியில் உணவளிக்கும் வழக்கம் அரசால் தொடங்கப்பட்டது.

சென்னையிலிருந்து வந்த வினாத்தாள்

1954 நவம்பர் 1இல் ஆட்சி நடைமுறையில் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி நிறைவுற்றது. பிரெஞ்சுக் கல்விக்கு நிலைத்த இல்லமாக 1826இல் தோன்றிய லிசே புதுச்சேரி நகரில் தொடர்ந்தது. ஊரகப் பள்ளிகள் சென்னையை நோக்கித் திரும்பின. பாடநூல், வினாத்தாள், மதிப்பெண் சான்றிதழ் ஆகிய மூன்றும் தமிழகத்திலிருந்து வந்தன. ஆசிரியர் நியமனமும் ஊதியமும் புதுச்சேரியிலிருந்து வந்தன. மாகேயில் கேரள வாரியமும் ஏனாமில் ஆந்திர வாரியமும் இதே இடத்தைப் பெற்றன. ஒரே கல்வித்துறையின் பள்ளிகள் மூன்று மாநிலங்களின் தேர்வுகளை எழுதிய இந்நிலை இந்தியாவில் அரிது.

1978இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி தோன்றியபின் 'உயர்நிலைப் பள்ளி' என்னும் பெயரே ஓர் எல்லைக்கோடாயிற்று. பத்தாம் வகுப்போடு ஊர்ப்பள்ளி முடியும். அதற்குமேல் காரைக்கால் நகருக்கோ மேல்நிலைப் பள்ளியுள்ள பிற ஊருக்கோ செல்லவேண்டும். பிற்காலத்தில் மக்கள் வழக்கில் 'ஒரு ரூபாய் பேருந்து' எனப்பட்ட மாணவர் சிறப்புப் பேருந்தைக் கல்வி வரலாற்றின் ஆவணமாகவே கருதவேண்டும் என்பேன். பத்தாம் வகுப்பிற்குப்பின் யார் படித்தார், யார் நின்றார் என்பதை, குறிப்பாகப் பெண் மாணவர் திறத்தில், பாடத்திட்டத்தைவிடப் பேருந்து வசதியே மிகுதியும் தீர்மானித்திருக்கக்கூடும்.

இறைவணக்கக் கூட்டம்

சென்னைப் பாடநூலின் முன்பக்கங்களில் அச்சிடப்பட்டிருந்த தமிழ்த்தாய் வாழ்த்து மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை இயற்றியது. காரைக்கால் பள்ளிகளின் காலைக் கூட்டத்தில் பாடப்படுவதோ பாரதிதாசன் இயற்றியது. கையிலிருந்த நூலில் ஒரு வாழ்த்து, வாயில் வேறொரு வாழ்த்து. எல்லைக்கு அப்பால் சில கிலோமீட்டரில் உள்ள பள்ளியில் அதே நூல், அதே தேர்வு; பாட்டு மட்டும் வேறு. காரைக்கால் மாணவர் தம்மைத் தமிழக மாணவரிடமிருந்து வேறுபடுத்தி உணர்ந்த இடம் வகுப்பறையன்று, இக்கூட்டமே எனலாம். நிரவியில் பணி தொடங்கிய ஆசிரியரின் பாட்டு நிரவிக்கே திரும்பி வந்ததும் இவ்வழியே.

கொடியேற்ற நாள்களும் அத்தகையனவே. ஆகஸ்ட் 15 நாடு முழுமைக்கும் பொது. அதற்கு மறுநாள் சட்டப்படி இணைந்த நாள். நவம்பர் 1 விடுதலை நாளென 2014 முதல் அரசு விழாவாயிற்று. பாடநூல் 1947உடன் விடுதலைப் போரை முடித்துவிட, மாணவர் அணிவகுப்பு 1954ஐயும் 1962ஐயும் நினைவுபடுத்தியது. அம்மையாரின் மாங்கனித் திருவிழா, மஸ்தான் சாகிபு கந்தூரி, திருநள்ளாற்றுத் தேரோட்டம் ஆகியவற்றுக்கு விடப்படும் உள்ளூர் விடுமுறைகளும் அவற்றுக்கு ஈடாகச் சனிக்கிழமை நடக்கும் பள்ளியும் இவ்வட்டாரத்திற்கே உரிய நாட்காட்டியை அமைத்தன. வரலாற்றுப் பாடம் சொல்லாததை விடுமுறைப் பட்டியல் சொன்னது என்பது மிகையன்று.

தில்லிக்குத் திரும்பிய முகம்

2023-24ஆம் கல்வியாண்டில் 6 முதல் 9 வரையும் 11ஆம் வகுப்பும், அடுத்த ஆண்டில் 10, 12ஆம் வகுப்புகளும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின்கீழ் வந்தன. 2025இல் அரசுப் பள்ளி மாணவர் முதன்முறையாக அவ்வாரியத் தேர்வை எழுதினர். நுழைவுத் தேர்வுகளுக்கு இது துணைசெய்யும் என்னும் வாதத்தை எளிதில் புறந்தள்ள இயலாது. எனினும், மாநில வாரியத்தில் பகுதி 1 எனத் தனியிடம் பெற்றிருந்த தமிழ், புதிய வாரியத்தின் 11, 12ஆம் வகுப்புகளில் கட்டாயப் பாடமன்று. பத்தோடு முடியும் ஊர்ப்பள்ளியின் மாணவர் இம்மாற்றத்தைப் பேருந்தேறிச் சென்றபின்னரே சந்திப்பர். அவருக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் அதைக் காணப்போவதில்லை.

ஆய்வாளருக்கு உடனடிக் கவலை வேறு. வாரியம் மாறியதும் பழைய மதிப்பெண் பதிவேடுகள், சேர்க்கைப் பதிவேடுகள், ஆண்டு விழா அறிக்கைகள், ஆய்வு அலுவலரின் குறிப்பேடுகள் ஆகியவை அன்றாட அலுவலுக்குத் தேவையற்றனவாகின்றன. பிரெஞ்சுக் காலத் தலைமை ஆவணங்களுக்குப் பிரான்சிலும் புதுச்சேரியிலும் காப்பகங்கள் உண்டு. சென்னை வாரியக் காலத்து ஊர்ப்பள்ளிப் பதிவேடுகளுக்கு இருப்பிடம் தலைமையாசிரியர் அறையின் இரும்பு அலமாரி மட்டுமே. கடற்காற்றின் ஈரத்தில் அத்தாள்கள் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதைப் பொறுத்தே மேற்கண்ட பகுப்பைச் சரிபார்க்கும் வாய்ப்பும் அமையும்.