வீட்டு வரியில் ஒரு பங்கு

யாங்கோனின் போட்டாதாங்கிலிருந்து பேசுகிறேன். எங்கள் பக்கத்தில் தமிழ்ப் புத்தகம் என்றால், கோயிலிலோ தேவாலயத்திலோ பூட்டிக் கிடக்கும் அலமாரிதான். சாவி வைத்திருப்பவர் ஊரில் இருந்தால் படிக்கலாம். அதனால் பொது நூலகம் என்றதும் நான் முதலில் கேட்பது, அதற்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதைத்தான்.

இந்த நகரத்தில் 1883இல் பெர்னார்ட் இலவச நூலகம் தொடங்கியது. அப்போதைய தலைமை ஆணையர் சார்லஸ் பெர்னார்டின் பெயர் அது. 1952இல் வந்த தேசிய நூலகத்துக்கு அதுவே அடித்தளம். அதிகாரத்தில் இருந்தவர் மனம் வைத்ததால் வந்த நூலகம்.

சென்னையில் கதை வேறு. 1924இல் கணித ஆசிரியர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல்கலைக்கழக நூலகரானார். வேலை பிடிக்காமல், வகுப்புக்கே திருப்பி அனுப்புங்கள் என்று கேட்டவர் அவர்! லண்டன் நூலகங்களைப் பார்த்த பிறகுதான் மனம் மாறியது. வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது அவருடைய ஐந்து விதிகளில் ஒன்று. நான் செவிலி. இரவுப் பணியில் மருந்து அலமாரி ஒழுங்காக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும். அந்த விதி எனக்கு உடனே புரிந்தது.

1931 அக்டோபரில் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் கிளம்பியது. கனகசபைப் பிள்ளையின் முயற்சி அது. கிராமத்துக்காரர் நூலகத்தைத் தேடி வராவிட்டால் நூலகம் போகட்டும் என்ற எண்ணம். ஆனால் வண்டிக்கும் மாட்டுக்கும் மாதாமாதம் செலவு உண்டே. ரங்கநாதன் சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகள் விடாமல் கேட்டது இதற்காகத்தான்.

1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இதுவே முதல். அவினாசிலிங்கம் செட்டியார் அப்போது கல்வி அமைச்சர். மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு, வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி. 1896இல் திறந்த கன்னிமாரா, 1950இல் மாநில மைய நூலகமானது. இன்று தமிழ்நாட்டில் சொத்து வரி ஒரு ரூபாய்க்கு 10 பைசா நூலகத்துக்கு. குடிசை வீட்டுக்காரரும் கொடுக்கிறார். ஆகவே கேட்க உரிமை உள்ளவர். வசூலித்த அந்தப் பணத்தைச் சில உள்ளாட்சிகள் நூலகத்துக்குத் தராமல் இழுத்தடிப்பதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வரும்.

அந்த வரி எங்களுக்கு இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. மின்சாரம் உள்ள நேரத்தில் கைப்பேசியில் திறக்கிறேன். இங்குள்ள பிள்ளைகள் பலர் தமிழ் பேசுவார்கள், வாசிப்பது பர்மிய எழுத்து. பக்கத்தில் உட்கார்ந்து நான் வாசித்துக் காட்டுகிறேன்.