விழுங்கியும் செரிக்காத கிருமி

எலீ மெச்னிகோவ் 1869ல் கல்யாணம் பண்ணிக்கொண்டபோது மணப்பெண் லுட்மிலாவை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டுதான் தேவாலயத்துக்குள் போனார்கள். காசநோய். நாலு கல் நடக்கத் தெம்பில்லாத பெண். வெயில் பட்டால் நோய் தணியும் என்று நம்பிய காலம் அது. மெடீரா தீவு வரை அழைத்துப் போயும் பலனில்லை, 1873ல் அங்கேயே இறந்துபோனார். மெச்னிகோவ் அளவுக்கு மீறி மார்ஃபின் எடுத்துக்கொண்டார். உயிர் பிழைத்தது.

இந்தக் கதையை முதலில் சொல்லக் காரணம் இருக்கு. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததை அறிவித்தார். அதே வருஷக் கடைசியில் இத்தாலியின் மெசினாவில், வீட்டில் எல்லாரும் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த ஒரு நாள், மெச்னிகோவ் நுண்ணோக்கியும் கையுமாகத் தனியே உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற நட்சத்திரமீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் நகரும் செல்கள் முள்ளைச் சுற்றி மொய்த்திருந்தன. உடம்பைக் காக்கிற காவல்காரர்கள் இவைதான் என்று அவருக்குத் தோன்றியது. பெரிய அளவில் இருப்பவற்றுக்கு 'மேக்ரோபேஜ்', அதாவது பெருந்தீனிச் செல், என்று பெயரும் வைத்தார். 1908ல் பால் எர்லிக்கோடு சேர்த்து நோபல் பரிசும் கிடைத்தது.

ஆனா காசநோயில் கணக்கு இடித்தது. இந்தக் காவல்காரன் கிருமியைப் பிடிக்கிறான், விழுங்கவும் செய்கிறான். பிறகு கிருமி அவன் வயிற்றுக்குள்ளேயே குடித்தனம் நடத்துது! எப்படி?

பதில் வர 1971 ஆனது. லண்டனில் ஆம்ஸ்ட்ராங், டார்சி ஹார்ட் என்ற இருவர். (ஹார்ட் 106 வயது வரை வாழ்ந்த மனுஷர்.) மேக்ரோபேஜ் எதையாவது விழுங்கினால் அதை ஒரு பைக்குள் போடும், செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோம் என்ற இன்னொரு பை வந்து அதோடு இணையும். இவர்கள் லைசோசோமுக்குள் இரும்புச் சத்துள்ள ஃபெரிட்டின் என்ற புரதத்தை அடையாளமாக ஏற்றிவிட்டு, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். செத்த கிருமி இருந்த பைக்குள் ஃபெரிட்டின் வந்து சேர்ந்தது. உயிருள்ள கிருமி இருந்த பைகளில் பெரும்பாலும் வரவே இல்லை. கிருமி கதவைச் சாத்திவைத்திருக்கிறது.

சரி, கதவைத் திறந்துவிட்டால் செத்துவிடுமா? அதையும் செய்து பார்த்தார்கள். கிருமியின் மேல் எதிர்ப்புரதத்தைப் பூசி அனுப்பியபோது பைகள் இணைந்தன. அப்பவும் கிருமி சாகலை. 1975ல் அச்சான இந்த முடிவை ஏனோ பாடப்புத்தகங்கள் கண்டுகொள்வதில்லை. எனக்கு முதல் முடிவைவிட இதுதான் முக்கியமாகப் படுகிறது.

அடுத்த திருப்பம் மருந்துக்கடையிலிருந்து வந்தது. மூட்டுவாதத்துக்குக் கொடுத்த இன்ஃப்ளிக்ஸிமாப், டிஎன்எஃப் என்கிற அழற்சிச் சமிக்ஞையை அடக்கும் மருந்து. அதை எடுத்துக்கொண்டவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததாக 2001ல் ஒரு கட்டுரை வந்தது. உள்ளே அடங்கிக் கிடந்த கிருமி பூட்டு உடைந்ததும் எழுந்துகொண்டது. அப்போ டிஎன்எஃப் நல்லது, அதிகமா இருந்தா இன்னும் நல்லதுதானே?

இல்லைங்க. லலிதா ராமகிருஷ்ணனும் (நோபல் வாங்கிய வெங்கியின் தங்கை) பிரான்சிஸ்கோ ரோகாவும் வரிக்குதிரை மீன் குஞ்சுகளில், காசநோய்க் கிருமியின் பங்காளியான மரினம் கிருமியை வைத்து 2013ல் காட்டினார்கள். டிஎன்எஃப் மிஞ்சினால் தொற்றுள்ள மேக்ரோபேஜின் மைட்டோகாண்ட்ரியா வினைத்திறன் மிக்க ஆக்சிஜனை அள்ளி வீசுது. கிருமிக்கு அது அடிதான், முதலில் கொஞ்சம் சாகவும் செய்யும். ஆனா அந்த நெருக்கடி தாங்காமல் செல்லே வெடித்துப்போகுது. மிச்சமிருக்கும் கிருமிகள் வெளியே கொட்டி, தடையே இல்லாமல் பெருகுகின்றன.

மெச்னிகோவின் நட்சத்திரமீனும் கண்ணாடி உடம்பு, இந்த மீன் குஞ்சும் கண்ணாடி உடம்பு. இடையில் 130 வருஷம்.