ஆர்த்தெ தா லிங்குவா மலபார்

ஆர்த்தெ தா லிங்குவா மலபார் என்பது 16 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் போர்த்துக்கேய மொழியில் எழுதப்பட்ட தமிழ் இலக்கண நூல் ஆகும். இயேசு சபைத் துறவியான அன்றீக்கே அன்றீக்கசு, முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பணியாற்றியபோது இதனை எழுதினார். இவர் அண்டிரிக் அடிகளார் எனவும் அழைக்கப்படுகிறார். ஐரோப்பியர் எழுதி இன்று கிடைக்கும் தமிழ் இலக்கணங்களுள் இதுவே மிகப் பழையது. அக்காலப் போர்த்துக்கேயர் தமிழை "மலபார்" மொழி என்று குறிப்பிட்டதால் நூல் இப்பெயர் பெற்றது.

பின்னணி

தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு முதலிய ஊர்களில் முத்துக்குளித்தலிலும் மீன்பிடித்தலிலும் ஈடுபட்ட பரதவர், 1530களில் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். ஆனால் அச்சமயத்தை அவர்களது மொழியில் கற்பிக்கக்கூடிய குருமார் இல்லை. 1542 இல் இக்கரைக்கு வந்த பிரான்சிசு சவேரியார், இரு மொழிகளும் அறிந்த உள்ளூராரின் துணையுடன் முக்கிய செபங்களைத் தமிழாக்கினார். அவற்றை மனப்பாடம் செய்து ஊர் ஊராகக் கற்பித்தார்.

மொழிபெயர்ப்புப் பிழைகள்

அவ்வாறு மனப்பாடம் செய்த செபங்களில் பிழைகள் இருந்தமை பின்னரே தெரியவந்தது. 1544 இல் தம் துணைவர் பிரான்சிசுக்கோ மன்சிலாசுக்கு எழுதிய மடலில் சவேரியார் இரண்டு திருத்தங்களைக் குறிப்பிட்டார்.

முதலாவது, நம்பிக்கை அறிக்கையில் "நம்புகிறேன்" என்னும் பொருளில் "எனக்கு வேணும்" என்ற தொடர் வழங்கிவந்தது. இது விருப்பத்தைக் குறிப்பதால், இதற்குப் பதிலாக விசுவாசம் என்ற சொல்லைப் பயன்படுத்துமாறு அவர் கூறினார். இரண்டாவது, கிறித்துவின் பாடுகளைக் கூறும் இடத்தில் "வன்பினாலே" என்ற சொல் இருந்தது. கிறித்து தம் விருப்பத்துடன் பாடுபட்டார் என்பதே சமயக் கொள்கை. வன்பு என்பது வற்புறுத்தலைக் குறிப்பதால் அச்சொல் நீக்கப்பட வேண்டும் என்றார்.

சொற்களைத் தனித்தனியே அறிந்திருந்தும், அவற்றின் வழக்குப் பொருளை அறியாவிடில் கொள்கையே மாறிவிடும் என்பதை இவ்விரு பிழைகளும் காட்டுகின்றன. "வேண்டும்" என்னும் வினை "எனக்கு" என நான்காம் வேற்றுமையை ஏற்பது. "விசுவசிக்கிறேன்" என்பது "நான்" என்னும் எழுவாயை ஏற்பது. போர்த்துக்கேயத்தில் "வேண்டும்" என்பதற்கு நிகரான வினை எழுவாயையே ஏற்பதால், தமிழின் இவ்வேறுபாடு அயலாருக்கு எளிதில் புலப்படுவதில்லை. ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவர் இதே இடரை எதிர்த்திசையில் சந்திக்கின்றனர். "எனக்குப் பசிக்கிறது" என்பதை அவ்வாறே சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் கூற இயலாது.

நூல்

போர்த்துக்கல்லின் விலா விசோசாவில் 1520 அளவில் பிறந்த அன்றீக்கசு, 1546 இல் கோவாவுக்கும் 1547 இல் முத்துக்குளித்துறைக்கும் வந்தார். முதலில் மொழிபெயர்ப்பாளரை நம்பியிருந்த அவர், விரைவில் தாமே தமிழில் பேசவும் எழுதவும் கற்றார். துறவியர் தமக்குள்ளும் தமிழிலேயே பேச வேண்டும், தவறினால் தண்டம் ஏற்க வேண்டும் என்ற விதியும் கடைப்பிடிக்கப்பட்டது.

தாம் கண்டறிந்த விதிகளைப் பின்வருவோர் எளிதில் கற்குமாறு அவர் தொகுத்ததே இந்நூல். இலத்தீன் இலக்கணமும், யோவாவ் தெ பாரோசு 1540 இல் வெளியிட்ட போர்த்துக்கேய இலக்கணமும் இதற்கு முன்மாதிரிகளாக அமைந்தன. தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் உரோம எழுத்துகளில் தரப்பட்டுள்ளன. ட, ள, ழ, ற ஆகியவற்றின் வேறுபாட்டை அவ்வெழுத்துகள் முழுமையாகக் காட்ட இயலாமை ஒரு குறையாகும்.

நூலில் விளக்கப்படுவது செந்தமிழ் அன்று. கடற்கரை மக்களின் பேச்சுத் தமிழ். இதனால் செந்தமிழ் நோக்கில் வழுவெனத் தோன்றும் வடிவங்கள் பல உள்ளன. ஆயினும் 16 ஆம் நூற்றாண்டுப் பேச்சுவழக்கை அறிய உதவும் அரிய சான்றாக அவை இன்று மதிக்கப்படுகின்றன.

தாக்கமும் பதிப்புகளும்

இம்மொழிப் பயிற்சியின் பயனாக அன்றீக்கசு தமிழில் நூல்களை ஆக்கினார். தம்பிரான் வணக்கம் 1578 இல் கொல்லத்திலும், கிரீசித்தியானி வணக்கம் 1579 இல் கொச்சியிலும் தமிழ் எழுத்துகளில் அச்சாயின. அடியார் வரலாறு 1586 இல் வெளிவந்தது. அவர் 1600 இல் புன்னைக்காயலில் இறந்தார். உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது.

இலக்கண நூலோ அவர் காலத்தில் அச்சேறவில்லை. அதன் கையெழுத்துப்படி லிசுபனில் உள்ள போர்த்துக்கல் தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. 1982 இல் ஆன்சு வெர்மீர் அதனைப் பதிப்பித்தார். சீன் ஐன், வி. எசு. ராசம் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013 இல் ஆர்வர்டு கீழைத்தேய வரிசையில் வெளியானது.