ஆவாரம்பட்டைத் தோலும் ஏட்டு மேலுறையும்: 1901ஆம் ஆண்டு இலண்டன் அறிக்கை – ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

நாட்குறிப்பேடு, கணக்கேடு முதலியவற்றுக்கு இடப்படும் தோல் மேலுறையின் ஆயுளை, விலங்கின் வகையோடு, பதனிடப் பயன்பட்ட பொருளும் பின்னர்ச் செய்யப்பட்ட வேலைப்பாடும் சேர்ந்தே முடிவுசெய்கின்றன. சென்னை மாகாணத்திலிருந்து ஏற்றுமதியான ஆவாரம்பட்டைத் தோல் நூற்கட்டுக்கு ஆகாது என இலண்டன் கலைச் சங்கத்தின் குழு 1901இல் கருத்துரைத்தது. அக்கருத்து எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆவாரை, கடுக்காய், தோல் பதனிடுதல், நூற்கட்டு, சிவப்பு மக்கல்.

முன்னுரை

ஓலைச்சுவடிக்கு மரச்சட்டங்களே காப்பாக அமைந்தன. தாள் ஏடுகள் பெருகிய பின்னரே தோல் மேலுறை தமிழ்ச் சூழலில் பரவலாயிற்று. ஆனால் அம்மேலுறைக்கு வேண்டிய மூலப்பொருளை இந்நிலம் நெடுங்காலமாக அறிந்திருந்தது. குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியலில் இடம்பெறும் ஆவிரையே இன்றைய ஆவாரை. பூவால் இலக்கியத்திலும், பட்டையால் தொழிலிலும் இச்செடி இடம்பெற்றது.

பதனிடும் முறை

ஆட்டுத்தோலை நீரில் ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் இட்டு மயிரை நீக்குவர். உட்புறச் சதையைக் கத்தியால் சீவுவர். சுண்ணாம்பைக் கழுவி அகற்றுவர். பின்பு, இடித்த ஆவாரம்பட்டை ஊறிய நீரில் தோலைப் பல நாள் மாற்றி மாற்றி ஊறவைப்பர். பட்டையின் துவர், தோலின் புரத இழைகளோடு பிணைந்து அதனை அழுகாத பொருளாக்குகிறது. இறுதியில் கடுக்காய் நீரில் நனைத்து, எண்ணெய் தடவி உலர்த்துவர். ஆவாரம்பட்டைத் தோல் வெயில் பட்டால் சிவக்கும் இயல்புடையது. அதனைக் கடுக்காய் ஓரளவு தடுக்கும். இறுதியில் கடுக்காய் சேர்க்கப்பட்டமைக்கு இது ஒரு முதன்மைக் காரணம்.

இவ்வேலையின் உடலுழைப்பைப் பெரிதும் ஒடுக்கப்பட்ட சாதியினரே ஏற்றனர். வாணியம்பாடி, ஆம்பூர் முதலிய ஊர்களில் முஸ்லிம் வணிகர்கள் பலர் இத்தொழிலை நடத்தினர். திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர் வாழ்வை டி. செல்வராஜின் ‘தோல்’ என்னும் நாவல் பதிவுசெய்துள்ளது. ஆயினும் இலண்டன் சந்தையில் இந்த ஆட்டுத்தோல்களுக்கு வழங்கிய பெயர் ‘பெர்சியன்’. உற்பத்தியான நிலமும் உழைத்த கைகளும் இவ்வணிகப் பெயரில் மறைந்துபோயின.

இலண்டன் குழுவின் கருத்து

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், கட்டி முடித்துச் சில ஆண்டுகளே ஆன நூல்களின் தோல் சிவந்த தூளாக உதிர்வதை இங்கிலாந்தின் நூலகர்கள் கண்டனர். இன்று ‘சிவப்பு மக்கல்’ எனப்படும் இச்சிதைவை ஆராயக் கலைச் சங்கம் ஒரு குழுவை அமைத்தது. நூற்கட்டுக் கலைஞர் டக்ளஸ் காக்கரெல், தோல் வேதியியலறிஞர் எச். ஆர். புராக்டர் போன்றோர் இவ்வாய்வில் பங்கேற்றனர். முதல் அறிக்கை 1901இலும், முழு அறிக்கை 1905இலும் வெளிவந்தன.

துவர்ப்பொருள்களைக் கேட்டகால் வகை, பைரோகாலால் வகை எனக் குழு பிரித்தது. ஆவாரம்பட்டை முதல் வகை. சுமாக் இலையும் கடுக்காயும் இரண்டாம் வகை. சுமாக்கால் பதனிட்ட தோல் நெடுங்காலம் நிலைத்தது. ‘பெர்சியன்’ தோலோ ஓராண்டுக்குள்ளேயே சிதையத் தொடங்கலாம் என்றும், வெளிச்சமோ வாயு விளக்கின் புகையோ படும் அலமாரியில் ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேல் தாங்காது என்றும் குழு கருதியது.

மறுவாசிப்பு

இக்கருத்தின் வேதியியல் அடிப்படை வலுவானது. எரிவாயுப் புகையின் கந்தக ஈராக்சைடைக் கேட்டகால் வகைத் தோல் மிகுதியாக உள்வாங்குகிறது. அது தோலுக்குள் கந்தக அமிலமாக மாறி இழைகளை அறுக்கிறது. எனினும் பட்டை மட்டுமே காரணமன்று என்பதற்கு அதே அறிக்கை சான்று தருகிறது. சாயமிடும்போது சேர்த்த கந்தக அமிலம், தடித்த தோலை அளவுக்கு மீறிச் சீவி மெலிதாக்கியமை, நூலக வெளிச்சம் ஆகியவற்றையும் குழு காரணங்களாகச் சுட்டியது. சாளரங்களுக்கு வண்ணக் கண்ணாடி இடுவதன் பயனையும் சோதித்தது. இவற்றுள் எதுவும் சென்னைத் தோல் ஷாப்பில் நிகழ்ந்ததன்று. சாயமிடலும் மெலிதாக்கலும் ஏற்றுமதிக்குப் பின் நிகழ்ந்தவை. மலிவு கருதி இத்தோலை நூலுக்குத் தேர்ந்தவர்களும் அங்குள்ளோரே.

முதல் உலகப் போரில் பிரித்தானியப் படையினரின் காலணி மேற்பகுதிக்குச் சென்னை மாகாணத்தில் பட்டையால் பதனிட்ட மாட்டுத்தோல் பெருமளவில் வாங்கப்பட்டது. காலணி சில ஆண்டுகள் உழைத்தால் போதும். மெழுகும் எண்ணெயும் அதற்கு இடையறாது கிடைக்கும். ஏடோ தலைமுறைகள் கடந்து, பெரும்பாலும் தொடப்படாமல், காற்றில் நிற்க வேண்டியது. ஆகவே ஒன்றற்குத் தக்க தோல் மற்றொன்றற்குத் தக்கதாவதில்லை. குழுவின் கருத்தைத் தோலின் தரம் பற்றிய பொதுத் தீர்ப்பாகக் கொள்வதைவிட, பயன்பாட்டுப் பொருத்தம் பற்றிய முடிவாகக் கொள்வதே முறை.

முடிவுரை

இன்று கையால் செய்யப்படும் நாட்குறிப்பேட்டு மேலுறைகள் ‘தாவர முறையில் பதனிட்ட தோல்’ என்னும் அடையாளத்துடன் விற்பனையாகின்றன. எந்தத் தாவரம் என்பதை அவ்வடையாளம் சொல்வதில்லை. நீடிப்பைத் தீர்மானிப்பவற்றுள் முதன்மையானது அதுவே என்பது நூற்றாண்டுக்கு முன்பே தெளிவாகியுள்ளது. பழைய ஏடுகளுக்குப் புதிய மேலுறை இடும் ஆவணக்காப்பகங்கள், தோலின் பதனீட்டுப் பொருளையும் சாயமிட்ட முறையையும் ஏட்டின் விவரக் குறிப்பில் சேர்த்தல் வேண்டும். உதிரும் மேலுறைகளை அகற்றுமுன், அவற்றின் சிறு துண்டைப் பாதுகாத்தலும் தேவை. ஏட்டின் எழுத்து எழுதியவரின் வரலாற்றைச் சொல்கிறது. பதனிட்டவரின் வரலாற்றுக்கு எஞ்சியுள்ள சான்றுகளுள் அத்தோலும் ஒன்று.