வியப்பும் முத்திரையும்: தமிழ்ச் சிறார் இதழ்களில் எழுத்தாளர் பெயரின் வரலாறு

முன்னுரை

தமிழில் குழந்தை இலக்கியம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் பாடுபொருள், யாப்பு, அறக்கருத்து ஆகிய மூன்றையே சுற்றி அமைகின்றன. குழந்தைக்காக எழுதியவர் தம் பெயரை அக்குழந்தையிடம் எவ்வாறு கொண்டு சேர்த்தார் என்னும் வினா அவற்றில் அரிதாகவே எழுகிறது. இவ்வினா சிறியதன்று. குழந்தையின் வியப்பைக் கெடாமல் காப்பது ஒரு பணி. எழுத்தாளர் தமக்கென ஒரு முத்திரையை உருவாக்கிக்கொள்வது மற்றொரு பணி. முன்னதில் எழுதுபவர் பின்னே ஒதுங்க வேண்டும். பின்னதில் அவரே முன்னே வந்து நிற்க வேண்டும். இவ்விரண்டையும் ஒருசேர ஆற்ற முயன்ற சில ஆளுமைகளை, 1940களிலிருந்து 1980கள் வரையிலான சிறார் இதழ்ச் சூழலில் வைத்து இக்கட்டுரை நோக்குகிறது.

மருட்கையின் நான்கு களங்கள்

வியப்பு என்பதை ஏதோ மேலைநாட்டுக் கல்வியுளவியல் நமக்கு அளித்த கருத்தாகக் கொள்ள வேண்டுவதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக மருட்கையை வைத்து, அது பிறக்கும் களங்களைப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்காக வகுக்கிறது. இதுவரை காணாதது, அளவிற் பெரியது, அளவிற் சிறியது, ஒன்று வேறொன்றாக மாறுவது என இவற்றை விளங்கிக்கொள்ளலாம். குழந்தை உலகிற்கு இதைவிடப் பொருந்தும் பகுப்பு ஒன்றைக் கண்டறிதல் கடினம். யானையும் எறும்பும் ஒரே குழந்தையை ஒரே நாளில் வாய்பிளக்க வைப்பது ஏன் என்பதற்கு விடை இங்கேயே கிடைக்கிறது.

எனினும் மரபிலக்கியம் இந்த மருட்கையைக் குழந்தையின் பக்கமிருந்து எழுதவில்லை. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களும் குழந்தையை நோக்கிப் பேசுவன. ஆயின் அவற்றைச் சுவைப்பவர் முதியோர். அம்புலியைக் கண்டு வியப்பது அங்கே குழந்தையன்று. குழந்தையைக் கண்டு வியக்கும் புலவரே. குழந்தையே வாசகராக அமைந்த எழுத்து அச்சு ஊடகத்தின் வருகைக்குப் பின்னரே தோன்றியது. ‘பாலதீபிகை’ (1840) முதலாகக் கிறித்தவ சமயப் பணியாளர் நடத்திய பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிறார் இதழ்கள் வாசிக்கத் தெரிந்த குழந்தையை ஒரு வாசகப் பிரிவாக முதன்முதல் கருதின. அவற்றின் நோக்கம் போதனை. வியப்பு அங்கே போதனைக்கு முன்னர் ஊட்டப்படும் தேன் மட்டுமே.

புதுக்கோட்டைச் சீமையும் இதழ்ப் பெருக்கமும்

1940களில் சிறார் இதழ்கள் திடீரெனப் பெருகின. பாலர் மலர், டமாரம், சங்கு, டும்டும், ஜில் ஜில், பாப்பா, அணில் எனப் பெயர்களே ஒலி எழுப்பின. இப்பெருக்கத்தில் 1948 வரை தனிச் சமஸ்தானமாக விளங்கிய புதுக்கோட்டைக்கும் அதனை அடுத்த செட்டிநாட்டிற்கும் பெரும்பங்கு உண்டு. ‘சக்தி’ இதழை 1939இல் தொடங்கிய வை. கோவிந்தனும் அழ. வள்ளியப்பாவும் இராயவரத்தைச் சேர்ந்தவர்கள். வாண்டுமாமா எனப்பட்ட வி. கிருஷ்ணமூர்த்தி அரிமளத்துக்காரர். தமிழ்வாணன் தேவகோட்டையில் பிறந்தவர். ஒரு நாள் மாட்டுவண்டிப் பயணத் தொலைவுக்குள் அடங்கும் ஊர்கள் இவை. நகரத்தார் சமூகத்தின் வணிகப் பயிற்சியும் அச்சுத் தொழிலில் அச்சமூகம் செய்த முதலீடும் இதற்கு ஒரு காரணமாகலாம். பெயர் என்பது முதலீடு என்பதை வட்டிக்கடைக் கணக்கேடும் கற்பிக்கும்.

தொப்பியும் கண்ணாடியும்

முத்திரை உருவாக்கத்தின் உச்சமாகத் தமிழ்வாணனைக் (1926–1977) கொள்ளலாம். இராமநாதன் என்பது இவரது இயற்பெயர். தமிழ்வாணன் என்னும் பெயரைச் சூட்டியவர் திரு.வி.க. என்பர். கோவிந்தனின் ‘அணில்’ சிறார் இதழில் பயின்ற கை, பின்னர்க் ‘கல்கண்டு’ இதழின் ஆசிரியப் பொறுப்பில் இறுதிவரை இருந்தது. கருப்புக் கண்ணாடியும் தொப்பியும் அணிந்த முகத்தை அவர் சில கோடுகளாகச் சுருக்கினார். முகம் நீங்கித் தொப்பியும் கண்ணாடியும் மட்டும் எஞ்சிய அந்தப் படம் நூலட்டைகளில் கையொப்பத்தின் இடத்தைப் பிடித்தது. அப்படத்தை மட்டும் வரைந்து சென்னை என எழுதி அனுப்பிய அஞ்சல் அவரிடமே வந்து சேர்ந்ததாக ஒரு செய்தி வாசகரிடையே சொல்லப்படுவதுண்டு. செய்தி உண்மையோ புனைவோ, அது சொல்லப்பட்டது என்பதே வரலாற்றாசிரியருக்குப் போதுமான சான்று. ‘துணிவே துணை’ என்ற முழக்கமும் அவ்வாறே அவர் பெயருடன் ஒட்டிக்கொண்டது.

கல்கண்டு தந்த வியப்பு தொல்காப்பியர் கூறும் புதுமை, பெருமை என்னும் முதலிரு களங்களைச் சார்ந்தது. உலகின் விந்தைகள், துணுக்குகள், கேள்வி பதில்கள் ஆகியவை ஒவ்வொரு வாரமும் வந்தன. சிற்றூர்ச் சிறுவனுக்கு உலகம் பெரிது என்பதை அவ்விதழ் காட்டியது. இதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் அந்த உலகின் வாயிலில் எப்போதும் ஒரு தொப்பி நின்றது. துப்பறியும் சங்கர்லாலைப் படைத்தவர் பிற்காலக் கதைகளில் தாமே துப்பறிவாளராகி நாடு நாடாகச் சென்றார். படைப்பாளி பாத்திரமாகிவிட்ட இந்நிலையில் வியப்பின் பொருள் மாறுகிறது. வாசகன் வியப்பது உலகைக் கண்டா, உலகைக் கண்டுவந்தவரைக் கண்டா? என் மதிப்பீட்டில் இரண்டாவதே மிகுதி. பதின்பருவத்தினர்க்கு அது உகந்ததாக இருந்திருக்கலாம். ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்தத் தொப்பியால் பயனில்லை.

மாமா என்னும் விளி

தமிழ்ச் சிறார் இலக்கியம் கண்டெடுத்த வலுவான முத்திரை உறவுப்பெயரே. கிருஷ்ணமூர்த்திக்கு (1925–2014) ‘வாண்டுமாமா’ என்ற பெயரை வழங்கியவர் அவர் பெரிதும் மதித்த ஓவியர் மாலி. ‘அம்புலிமாமா’வின் தலைப்பு நிலவையே மாமனாக்கியது. இலங்கை வானொலியின் சிறுவர் நிகழ்ச்சியில் ‘வானொலி மாமா’ என்ற விளி வழங்கிற்று. சென்னை வானொலியிலோ ‘வானொலி அண்ணா’. பிரித்தானிய வானொலியின் குழந்தைகள் நேரத்திலும் ‘அங்கிள் மாக்’ என ஒருவர் இருந்தார். ஆயினும் அங்கிள் என்ற சொல் தந்தையின் உடன்பிறந்தாரையும் தாயின் உடன்பிறந்தாரையும் வேறுபாடின்றிக் குறிக்கும். தமிழில் மாமன் தனியன். காது குத்துகையில் மடியில் அமர்த்திக்கொள்பவரும் சீர் கொண்டு வருபவரும் அவரே. தந்தையையும் சித்தப்பாவையும் போல அதட்டும் உரிமை அவருக்கு முதன்மையன்று; கொடுக்கும் கடமையே முதன்மை. கேலி பேசும் உரிமையும் இருபுறமும் உண்டு. ‘சித்தப்பா’ என்ற பெயரில் ஒரு சிறார் எழுத்தாளர் இவ்வளவு புகழ் பெற்றிருப்பாரா என்பது ஐயமே.

இவ்விளியின் நுட்பம், அது எழுத்தாளரின் பெயராக இருந்துகொண்டே எழுத்தாளரை மறைத்தமையில் உள்ளது. ‘வாண்டு’ என்பது குறும்புச் சிறுவரைச் செல்லமாகச் சுட்டும் சொல். ஆகவே அப்பெயரில் முதற்பாதி வாசகருடையது. பிற்பாதி மட்டுமே ஆசிரியருடையது. பெரியோர்க்கான கதைகளை அவர் ‘கௌசிகன்’ என்ற பெயரில் எழுதினார். இரு பெயர்களுக்கும் இடையே சுவர் இருந்தது. ஆக்ஸ்போர்டு கணித விரிவுரையாளர் டாட்ஜ்சன் ‘லூயிஸ் கரோல்’ என முகவரியிட்டு வந்த கடிதங்களை ஏற்க மறுத்த செய்தி இங்கு ஒப்புநோக்கத்தக்கது. டாட்ஜ்சன் காத்தது தம் கல்விப்புல மதிப்பை. கிருஷ்ணமூர்த்தியின் சுவரோ குழந்தைகளின் பக்கத்தைக் காத்தது எனலாம். மாமாவின் கதைகளைத் தேடும் பிள்ளையின் கையில் கௌசிகனின் கதை சென்று சேரவில்லை. கோகுலத்திலும், பின்னர்ப் பைக்கோ நிறுவனம் வெளியிட்ட பூந்தளிரிலும் அவர் ஆற்றிய பணியில் அறிவியல், வரலாறு, படக்கதை எனப் பொருள்கள் மாறினும் குரல் மாறவில்லை.

வங்கி எழுத்தரும் எட்டு லட்டும்

அழ. வள்ளியப்பாவின் (1922–1989) நிலை இவர்களினின்றும் வேறுபட்டது. சக்தி அலுவலகத்தில் காசாளராகச் சேர்ந்தவர் தி.ஜ.ர.வின் ஊக்கத்தால் எழுதத் தொடங்கினார்; 1941இல் இந்தியன் வங்கியில் பணியேற்று, அப்பணியிலிருந்தவாறே பாலர் மலர், டமாரம், சங்கு, பூஞ்சோலை முதலிய இதழ்களுக்கு உழைத்தார். வயிற்றுப்பாட்டுக்கு வங்கி இருந்தது என்பது எளிய செய்தி போலத் தோன்றும். எழுத்தையே விற்றுப் பிழைக்க வேண்டியிராத ஒருவருக்கு முத்திரையின் தேவை குறைவு என்பதை அது விளக்குகிறது. 1944இல் வெளிவந்த முதல் தொகுதியான ‘மலரும் உள்ளம்’ 23 பாடல்களே கொண்டது. ‘குழந்தைக் கவிஞர்’ என்ற அடைமொழி அவர் பெயருக்கு முன் நிலைபெற்றது. வள்ளியப்பன் என்ற இயற்பெயர் வள்ளியப்பா ஆகியபோது ஈற்றில் ஓர் உறவுச்சொல் தானே வந்து அமர்ந்ததையும் குறிக்க வேண்டும். திட்டமிட்டதாகக் கொள்ளச் சான்றில்லை; ஆயினும் குழந்தையின் செவியில் அது அவ்வாறே ஒலித்திருக்கும்.

1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது. வை. கோவிந்தன் தலைவர், அதன் உயிர்ப்பு வள்ளியப்பா. தம் பெயரை வளர்ப்பதற்குச் செலவிட்டிருக்கக்கூடிய ஆற்றலை அவர் ‘குழந்தை எழுத்தாளர்’ என்ற வகைப்பெயரை மதிப்புடையதாக்கச் செலவிட்டார். சிறுவர்க்கு எழுதுவோரை இலக்கிய உலகம் கடைநிலையில் வைத்திருந்த காலம் அது. அந்தப் பொதுப்பெயருக்கு மதிப்பு வராமல் எவருடைய தனிப்பெயருக்கும் மதிப்பு வந்திராது என்பதை அவர் உணர்ந்திருந்தார் எனக் கருத இடமுண்டு.

அவர் பாடல்களின் அமைப்பிலும் இந்த ஒதுக்கம் தெரிகிறது. தட்டு நிறைய இருந்த எட்டு லட்டுகளில் பாதியை அண்ணன் எடுக்க, மீதியைத் தங்கை உண்ண, இறுதியில் வெறுந்தட்டு எஞ்சும் பாடலை எடுத்துக்கொள்வோம். அறிவுரை எதுவும் அதில் இல்லை. பகிர்ந்துண்ண வேண்டும் என்று எவரும் கூறவில்லை. ஆனால் பங்கு சரியாக நான்கும் நான்குமாக அமைகிறது. வகுத்தலும் கழித்தலும் நிகழ்கின்றன. பெரும்பாலான அடிகள் ‘ட்டு’ என்ற ஒரே ஒலியில் முடிகின்றன. எண்ணும் பண்டமும் பிள்ளைகளின் பெயர்களும் பாத்திரமும் ஒரே ஓசையில் ஒன்றிப் போவதே குழந்தைக்கு விந்தை. மருட்கைக் களங்களுள் ‘சிறுமை’யும் ‘ஆக்க’மும் இங்கே பொருந்துகின்றன. மிகச் சிறிய பொருள்; நிறைந்த தட்டு வெறுந்தட்டாகும் மாற்றம். இப்பாடலுக்குள் கவிஞர் நிற்பதற்கு இடமே இல்லை.

இதன் விளைவு எதிர்பார்க்கத்தக்கதே. சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் இன்று தொழிற்பேட்டைத் தொழிலாளர், படைக்கல ஆலை ஊழியர் இல்லங்களிலும் ஆங்கிலவழி மழலையர் வகுப்புகளிலும் இவ்வகைப் பாடல்கள் ஒலிக்கின்றன. பாடுவோரில் பலர் அவற்றை நாட்டுப்புறப் பாடல் என்றே கருதுகின்றனர். கைப்பேசியில் ஓடும் அசைபடங்களில் பாடலைத் தயாரித்த அலைவரிசையின் முத்திரை மூலையில் ஒளிர்கிறது. எழுதியவர் பெயர் பெரும்பாலும் இல்லை. இதனை இழப்பு எனக் கொள்வோர் உளர். உரிமைத் தொகை, நூற்பதிப்பு, ஆய்வு ஆகிய நோக்கில் இழப்பே. பெயர் அழிந்தால் தொகுதிகள் மறுபதிப்புப் பெறுவதில்லை. பாடல்களின் திரிபுகளைத் திருத்தவும் வழியில்லை. ஆனால் தாலாட்டும் ‘கை வீசம்மா’வும் உலவும் வாய்மொழித் தளத்திற்குள் ஓர் அச்சுக்காலக் கவிஞர் ஒரே தலைமுறையில் நுழைந்துவிட்டார் என்ற கோணமும் உண்டு. பாரதிக்கும் கவிமணிக்கும் இந்த அளவில் அது நிகழவில்லை. பாப்பாப் பாட்டைப் பாடும் குழந்தை பாரதியின் பெயரையும் சேர்த்தே கற்கிறது.

பெயரில்லா இதழ்

முத்திரை முழுவதும் இதழுக்கே உரியதாகி எழுதியவர் அறவே மறைந்த நிலைக்கு அம்புலிமாமா சான்று. 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய இவ்விதழை நாகிரெட்டியும் சக்கரபாணியும் நிறுவினர். தெலுங்கின் முதன்மை எழுத்தாளர்களுள் ஒருவரான கொடவடிகண்டி குடும்பராவ் 1952 முதல் 1980இல் மறையும்வரை இதன் ஆசிரியப் பணியைப் பெயர் வெளிப்படாமல் ஆற்றினார். மாதந்தோறும் குழந்தைகளை விழிக்க வைத்த தொடர்கதைகளை எழுதிய தாசரி சுப்பிரமணியம் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்குப் பணியாற்றியவர்; அவர் பெயரை வாசகர் அறிந்தது மிகப் பிந்தி. தமிழாக்கியோர் நிலையைச் சொல்லவே வேண்டியதில்லை. ஓவியர்களுக்கு மட்டும் படத்தின் ஓரத்தில் கையொப்பமிட இடம் கிடைத்தது. உருவிய வாளும் தோளில் பிணமுமாக நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்த கே. சி. சிவசங்கரன் ‘சங்கர்’ என ஒப்பமிட்டார். 2020இல் அவர் மறைந்தார். 2021இல் பத்மஸ்ரீ விருது அவர் பெயருக்கு அறிவிக்கப்பட்டது. அதே பக்கத்தில் வேதாளத்தின் புதிருக்கு ஒவ்வொரு மாதமும் விடை எழுதியவர்களின் பட்டியல் தமிழில் இனித்தான் தொகுக்கப்பட வேண்டும்.